கரையில் நின்று படிக்கும் விண்வெளிக் கதைகள்

கேள்வி இதுதான்: "சென்னையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சி.எஸ்.ஐ. குடும்பம். சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றால் எனக்கு உயிர். எங்கள் வாலிபர் கூட்டத்தை நடத்தும் அண்ணன், வேற்றுக்கிரகக் கதையெல்லாம் விசுவாசத்தைக் கெடுக்கும் என்கிறார். கல்லூரியிலோ, ஆதாம் ஏவாளை நம்புகிறவளுக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் எதற்கு என்று கேலி செய்கிறார்கள். வேறு கிரகத்தில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால், இயேசுவின் மரணம் அவர்களுக்கும் சேருமா? இதைப் பற்றியெல்லாம் பேசுகிற கதைகள் இருக்கின்றனவா?"

இருக்கின்றன. நீங்கள் நினைப்பதைவிட நிறையவே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை விசுவாசிகள் எழுதினார்கள், சிலவற்றை நாத்திகர்கள் எழுதினார்கள். என் அனுபவத்தில் நாத்திகர்கள் எழுதியவைதான் நம்மை அதிகம் ஜெபிக்க வைக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த அண்ணன். அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், அவர் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சபை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கே தெரியும்: பார்கோடு வந்தபோது அது வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் எண்ணான 666, ஆதார் வந்தபோது அது 666, தடுப்பூசி வந்தபோது அதற்குள் சிப். இன்னொரு பக்கம், எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் வரும் சக்கரத்துக்குள் சக்கரம் ஒரு பறக்கும் தட்டு என்று சுற்றுக்கு வரும் வீடியோ. அந்தச் சரக்குக்கு வயது அதிகம். எரிக் ஃபான் டேனிக்கன் 1968-லேயே கடவுளர்கள் எல்லாம் விண்வெளிப் பயணிகள் என்று எழுதிக் காசு பார்த்தார். நாசாவில் வேலை பார்த்த ஜோசஃப் புளூம்ரிச் என்ற பொறியாளர், எசேக்கியேல் கண்ட வாகனத்துக்கு வரைபடமே போட்டுப் புத்தகம் வெளியிட்டார். தீர்க்கதரிசி பாபிலோனின் அடிமைத்தனத்தில், ஆலயத்தை இழந்த ஜனத்தின் நடுவே, கடவுள் இங்கேயும் வருகிறார் என்று கண்ட தரிசனம் அது. அதைப் போய் மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தி போல்ட்டு எண்ணினால் எப்படி? அண்ணன் பார்த்த 'வேற்றுக்கிரகம்' இந்த ரகமாக இருந்தால் அவர் கோபப்படுவது சரிதான். ஆனால் நீங்கள் படிப்பது கதை. கதை என்று சொல்லிக்கொண்டே வருகிற கதை யாரையும் ஏமாற்றுவதில்லை.

கல்லூரி நண்பர்களுக்கு வரலாறே பதில் சொல்லும். பிற உலகங்கள் உண்டா என்ற கேள்வியைக் கண்டு திருச்சபை எப்போதும் நடுங்கியதாக ஒரு கதை உலவுகிறது. நடந்தது அவ்வளவு எளிதல்ல. இருக்கக்கூடியது இந்த ஒரே உலகம்தான், வேறொன்று இருக்கவே முடியாது என்று வாதாடியவர்கள் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய அறிஞர்கள். 1277-ல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைத் தடை செய்தார். கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்பது அந்தப் பட்டியலில் ஒன்று. அதாவது, பல உலகங்கள் இருக்கின்றன என்று ஆயர் சொல்லவில்லை. கடவுளால் எது முடியாது என்று தீர்மானிக்க நீ யார் என்றுதான் கேட்டார். 1440-ல் கூசா ஊர் நிக்கோலாஸ், மற்ற விண்மீன்களிலும் குடிகள் இருக்கலாம் என்று எழுதினார். அவரைப் பிடித்து எரிக்கவில்லை, சில ஆண்டுகளில் கர்தினால் ஆக்கினார்கள்.

உடனே நண்பர்கள் இத்தாலியத் தத்துவ அறிஞர் ஜியோர்டானோ புரூனோவை இழுப்பார்கள். இழுக்கட்டும். 1600-ல் ரோமில் அவரை உயிரோடு எரித்தது உண்மை, வெட்கக்கேடான உண்மை. எண்ணற்ற உலகங்கள் என்ற அவர் கருத்தும் குற்றச்சாட்டுகளில் இருந்தது. கூடவே திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்துவம் பற்றிய குற்றச்சாட்டுகளும் இருந்தன. ஒரு மனிதரைக் கருத்துக்காக எரித்ததை எந்த விளக்கமும் சுத்தப்படுத்தாது, அதைச் செய்ய முயலவும் வேண்டாம். ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. பதினைந்தாம் நூற்றாண்டில் வில்லியம் வோரிலாங் என்ற பிரெஞ்சு பிரான்சிஸ்கன் துறவி இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், ராக்கெட்டுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால். வேறு உலகத்தில் மனிதர் இருந்தால் அவர்கள் ஆதாமின் வழிவந்தவர்கள் அல்ல, ஆகவே ஆதாமின் பாவத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்றார். கிறிஸ்து இந்தப் பூமியில் மரித்தது அவர்களையும் மீட்கப் போதுமா என்றால், போதும்; எத்தனை உலகங்கள் இருந்தாலும் போதும்; இன்னொரு உலகத்துக்குப் போய் மறுபடி மரிப்பது அவருக்குத் தகாது என்றார். ரோமர் நிருபத்தில் பவுல் "ஒரேதரம் மரித்தார்" என்று சொல்வதோடு இது பொருந்துகிறது. ஆனால் வோரிலாங்குக்கும் முன்பே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், ஏற்கெனவே மனித சுபாவத்தை எடுத்துக்கொண்ட தேவன் இன்னொரு மனித சுபாவத்தையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, முடியும், அவர் வல்லமைக்கு அளவில்லை என்று பதில் எழுதியிருக்கிறார். ஆக, இரண்டு கட்சி. ஒரே பெத்லகேம் எல்லாருக்கும் போதும் என்பது ஒன்று. ஒவ்வொரு உலகத்துக்கும் அதனதன் பெத்லகேம் இருக்கலாம் என்பது இன்னொன்று.

நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1958-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை ஒரு வக்கீலைப் போலப் பிரித்துப் போடுகிறார். அங்கே உயிர் இருக்கிறதா? இருந்தால் அது நன்மை தீமை அறிந்த ஆத்துமாவா? அறிந்திருந்தால், நம்மைப் போல விழுந்துபோனதா? விழுந்திருந்தால், மீட்பு கிடைக்காமல் போனதா? மீட்பு இருந்தால், அது நமக்கு வந்த அதே வழியில்தான் வரவேண்டுமா? இத்தனைக்கும் பதில் தெரிந்தால்தான் நம் விசுவாசத்துக்கு ஏதாவது சிக்கல் உண்டா என்றே சொல்ல முடியும். ஒன்றுக்குக்கூட இன்றுவரை பதில் கிடையாது.

என் சாய்வு எந்தப் பக்கம் என்றால், வோரிலாங் பக்கம். கொலோசெயர் முதல் அதிகாரம் பூலோகத்திலுள்ளவைகள், பரலோகத்திலுள்ளவைகள் யாவையும் சிலுவையினாலே ஒப்புரவாக்குவதைப் பேசுகிறது. 'யாவையும்' என்ற பிறகு ஆண்ட்ரொமீடாவை எதற்கு விட்டுவைக்க வேண்டும்? ஆனால் இது என் சாய்வு, உபதேசம் அல்ல. யோவான் 10:16-ல் "இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு" என்பதை எடுத்து, அது ஏலியன்தான் என்று அடித்துச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வசனம் யூதரல்லாத நம்மைப் பற்றியது. நாம்தான் அந்த வேறே ஆடுகள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கதைகளுக்கு வருவோம். ஆர்தர் சி. கிளார்க்கின் 'த ஸ்டார்' சின்னக் கதைதான். 1955-ல் வந்தது, அடுத்த ஆண்டு சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கான ஹியூகோ விருது வாங்கியது. கிளார்க்குக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கதை சொல்கிறவரோ சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு, வானியற்பியல் படித்தவர். வெடித்து அழிந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கப் போகும் கப்பலில் இருக்கிறார். அந்தச் சூரியனைச் சுற்றிய உலகங்கள் எல்லாம் சாம்பல். மிகத் தொலைவில் சுற்றிய ஒரு கிரகம் மட்டும் தப்பியிருக்கிறது. அதில், அழிவு வருவதை முன்கூட்டியே அறிந்துகொண்ட ஒரு மக்கள் தங்கள் இசை, சிற்பம், படங்கள் எல்லாவற்றையும் புதைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் ஒன்றில், நீல நிற மணல் கடற்கரையில் பிள்ளைகள் அலையோடு விளையாடுகிறார்கள். கடைசியில் குருவானவர் கணக்குப் போடுகிறார்: எந்த ஆண்டு வெடித்தது, அந்த வெளிச்சம் எந்த ஆண்டு பூமிக்கு வந்து சேர்ந்தது என்று. அது பெத்லகேமின் மேல் நின்ற நட்சத்திரம்.

முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். முடிவு தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அது அடிக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக்காரர்களால் இதை வெறும் கதையாகப் படிக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் கிரிக்கெட் ஆடப் போன பிள்ளைகளும், வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்குப் போன யாத்திரிகர்களும். நட்சத்திர விளக்குகள் இன்னும் வீட்டு வாசல்களில் தொங்கிக்கொண்டிருந்தன. கிளார்க்கும் அப்போது அதே கடலின் இன்னொரு கரையில், இலங்கையில்தான் இருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய கேள்வியை அன்று நம் ஆயர்கள் பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு எதிர்கொள்ள வேண்டியிருந்தது. சிலர் அது தண்டனை என்று பேசினார்கள். அப்படிப் பேசியவர்களைவிட அந்த நாத்திகரின் கதை கடவுளுக்கு அதிக மரியாதை கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். குறைந்தது, செத்தவர்கள் நல்லவர்கள் என்பதை அது மறைக்கவில்லை.

ஆனால் கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் காட்டுவதற்காகவே கடவுள் அந்த மக்களை எரித்தார் என்பது குருவானவர் தானாகச் சேர்த்துக்கொண்ட வரி. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் நட்சத்திரத்தைக் கண்டார்கள் என்றுதான் இருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைச் சொன்னபோது, மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு திருப்பிக் கேட்டாரே தவிர, எதற்காக விழுந்தது என்ற கணக்கை அவர் போடவில்லை. கிளார்க்கின் குரு அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நொறுங்குகிறார். இந்த ஒரு கதையை வைத்து வாலிபர் கூட்டத்தில் ஒரு மாதம் பேசலாம்.

ஜேம்ஸ் பிளிஷின் 'எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்' 1958. லித்தியா என்ற கிரகத்தில் பல்லி இனத்து அறிவுஜீவிகள். பொய் இல்லை, திருட்டு இல்லை, போர் இல்லை, கடவுளும் இல்லை. பார்க்கப் போன நால்வரில் ஒருவர் சேசு சபைக் குரு. கடவுளே இல்லாமல் இவ்வளவு ஒழுங்கா, இது சாத்தான் போட்ட வலை என்று முடிவுக்கு வருகிறார். படைக்கும் சக்தி சாத்தானுக்கு உண்டு என்று சொல்வதே மதத்துரோகம் என்பதால் தானே மாட்டிக்கொள்கிறார். முதல் பாதி அபாரம், இரண்டாம் பாதி பூமிக்கு வந்ததும் தள்ளாடுகிறது. நம் அம்மாக்கள் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தின் நல்ல குணத்தைப் பார்த்துக் குழம்புகிற அதே குழப்பம்தான், கொஞ்சம் வால் முளைத்த வடிவில்.

வால்டர் எம். மில்லரின் 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மில்லர் இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். 1944-ல் இத்தாலியில் மான்ட்டே கசீனோ மடத்தின் மேல் குண்டு போட்ட தாக்குதலில் பங்கெடுத்தவர். போருக்குப் பிறகு கத்தோலிக்கரானார். அணுகுண்டுப் போரில் நாகரிகம் அழிந்து அறுநூறு ஆண்டு கழித்து, பாலைவனத்தில் ஒரு மடம், பழைய அறிவியல் தாள்களைக் காப்பாற்றி வைக்கிறது. துறவிகளுக்கு அவற்றின் பொருள் தெரியாது. ஓர் இளம் துறவிக்கு அவர்கள் புனிதராகக் கொண்டாடும் பொறியாளரின் கையெழுத்தில் ஒரு சீட்டு கிடைக்கிறது. அது கடைக்குப் போய் இறைச்சி, ரொட்டி வாங்கிவர எழுதிய பட்டியல். அதைத் திருப்பண்டமாகப் பத்திரப்படுத்துகிறார்கள். கூடவே கிடைத்த மின்சுற்று வரைபடத்தைப் பொன்முலாம் பூசிப் பிரதி எடுக்க அந்தத் துறவி பல வருடங்கள் செலவழிக்கிறார். சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள், நாம் எதையெல்லாம் பொருள் தெரியாமல் பொன்முலாம் பூசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நெருடலும் வரும். கிறிஸ்தவ சயின்ஸ் ஃபிக்‌ஷனில் ஒரே ஒரு நாவல்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இதைப் படித்துக்கொண்டே போனால் உங்களுக்கே ஒரு சந்தேகம் வரும். ஏன் எல்லாக் கதையிலும் சேசு சபைக் குரு? கிளார்க், பிளிஷ், மேரி டோரியா ரஸ்ஸல் என்று ஆள் மாறினாலும் விண்கலத்தில் ஏறுகிறவர் அதே அங்கிக்காரர். எழுத்தாளர்களுக்குக் கற்பனைப் பஞ்சம் என்று நினைக்காதீர்கள். சேசு சபையார் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்தவர்கள். முன்பின் தெரியாத கரையில் இறங்கி, புரியாத மொழியைக் காதால் பிடித்து, இலக்கணம் எழுதி, அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, கடைசியில் அங்கேயே செத்தவர்கள். எந்தக் கரை? நம்முடையதும்தான்.

ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார். அவர் கிறிஸ்துவை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று கூடவே இருந்த சேசு சபைக்காரரே புகார் எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொண்டு ஒருவர் கிறிஸ்தவராக இருக்கலாமா என்ற வழக்கு ரோம் வரை போய், 1623-ல்தான் போப் அனுமதித்தார். பார்வை மங்கி, 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார். நூறு ஆண்டு கழித்து வந்த இன்னொரு இத்தாலியர், கான்ஸ்டன்டைன் பெஸ்கி, யோசேப்பைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துத் தேம்பாவணி பாடி வீரமாமுனிவர் ஆனார். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலைகளில் அவரும் நிற்கிறார். அடுத்த முறை பீச் பக்கம் போனால் அந்தச் சிலையை ஒரு நிமிடம் சயின்ஸ் ஃபிக்‌ஷன் கண்ணால் பாருங்கள். வேறொரு உலகத்தில் தரையிறங்கி, அந்த உலகத்தாரின் மொழியில், அவர்களே மெச்சும் காப்பியம் எழுதிய ஒருவர். எந்த நாவலிலும் இப்படி ஒரு பாத்திரத்தை நான் படித்ததில்லை.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். அமெரிக்க, ஆங்கிலேய வாசகர்கள் 'முதல் சந்திப்பு' கதையைப் படிக்கும்போது தங்களை விண்கலத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களான நமக்கு இன்னொரு இருக்கை கிடைத்திருக்கிறது. நாம் கரையில் நின்றவர்கள். கப்பல் வந்தது, அதிலிருந்து இறங்கியவர்களிடம் ஒரு கையில் பைபிள் இருந்தது, பின்னாலேயே வந்தவர்கள் கையில் கணக்குப் புத்தகமும் பீரங்கியும் இருந்தன. எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று நம் முன்னோர் முடிவு செய்தார்கள். ஏலியன்களுக்குச் சுவிசேஷம் சொல்லலாமா என்ற கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்து கேட்கத் தெரிந்தவர்கள் நாம்.

லூயிஸின் 1938 நாவலான 'அவுட் ஆஃப் த சைலன்ட் பிளானட்'டில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. வெஸ்டன் என்ற விஞ்ஞானி செவ்வாய்க்குப் போய், அந்த உலகத்தை ஆளும் தூதன் முன்னால், மனித குலத்தின் மகத்தான எதிர்காலம் பற்றி நீட்டி முழக்குகிறார். அவருக்கு அங்குள்ள பேச்சு சரியாகத் தெரியாது. தெரிந்த கதாநாயகன் ரான்சம்தான் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய வார்த்தைகளுக்கு அந்த மொழியில் சொல்லே இல்லை. அதனால் ரான்சம் விஷயத்தைப் பிட்டு வைக்கிறார்: எங்கள் ஊரில் அடுத்தவர் பார்க்காதபோது அவர் சாப்பாட்டையும் சாமானையும் எடுத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு, இவரோ, தான் அந்த மாதிரிச் சாதாரண ஆள் இல்லை என்கிறார். அவ்வளவுதான், நாகரிகப் பிரசங்கம் முழுக்கக் காற்றுப்போகிறது. மதராஸ், துபாஷிகள் என்ற இருமொழி இடைத்தரகர்களின் ஊர். பச்சையப்பர் உட்பட எத்தனை துபாஷிகள் கம்பெனிக்காரருக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று இதே வேலையைச் செய்திருப்பார்கள்! ரான்சம் அளவுக்கு நேர்மையாக மொழிபெயர்த்திருந்தால் வேலை போயிருக்கும் என்பது வேறு விஷயம். லூயிஸ் ஒரு பக்திமான். இருந்தும், மனிதர் வேறு உலகங்களுக்குப் போனால் சுவிசேஷத்தைவிடச் சுரண்டலைத்தான் முதலில் கொண்டுபோவார்கள் என்று பயந்தார். விண்மீன்களுக்கு இடையிலான அந்தப் பிரம்மாண்ட தூரம், விழுந்துபோன இனத்தின் தொற்று பரவாமலிருக்கக் கடவுள் போட்ட தடுப்போ என்றுகூட எழுதினார். அவருடைய விண்வெளி நூல்கள் மூன்றில் முதல் இரண்டும் போதும். மூன்றாவதில் அவர் தனக்குப் பிடிக்காத எல்லாரையும் ஒரே ஆராய்ச்சி நிறுவனத்தில் அடைத்துத் திட்டித் தீர்க்கிறார்.

ரஸ்ஸலின் 'த ஸ்பாரோ' 1996. கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஐந்நூறாம் ஆண்டை ஒட்டி எழுந்த வாக்குவாதங்கள்தான் அவரை எழுதத் தூண்டின. வேற்றுலகத்திலிருந்து பாட்டு கேட்கிறது. ஐ.நா. சபை கூடி யோசிப்பதற்குள் சேசு சபை ஆள் அனுப்பிவிடுகிறது. போனவர்கள் எல்லாரும் நல்லவர்கள், ஒருவரும் கொள்ளையடிக்கப் போகவில்லை. தங்கள் சாப்பாட்டுக்கு ஒரு தோட்டம் போடுகிறார்கள், அந்த ஊர் மக்களும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தோட்டம் அங்கிருந்த உணவு ஒழுங்கைக் கலைத்து, படுகொலையில் கொண்டுபோய் விடுகிறது. வன்முறைக் காட்சிகள் கடுமையானவை, மனசு தாங்குமா என்று பார்த்துக்கொண்டு எடுங்கள்.

கரையில் நின்றவர்கள் வெறுமனே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். மிஷன் பள்ளியில் கற்ற பூகோளத்தையும் வானசாஸ்திரத்தையும் எடுத்து, குற்றாலத்துக்கும் சரபேந்திரர் என்ற சரபோஜி மன்னருக்கும் பாடிய அதே குறவஞ்சி வடிவத்துக்குள் வைத்து, பெத்லகேம் குறவஞ்சி பாடினார். நிலவைப் பார்த்து ஏங்கும் நாயகி அப்படியே இருக்கிறாள், தலைவன் மட்டும் கிறிஸ்து. வானியலும் வேதமும் ஒரே பாட்டில் இருப்பதில் அவருக்கு எந்த நெருடலும் இல்லை. நம் வாலிபர் கூட்டத்து அண்ணனுக்கு இதைச் சொல்லலாம். வெளிநாட்டுக்காரன் கதை என்று தள்ள முடியாது.

ஒரு கசப்பான விஷயத்தையும் இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாட்டிகன் வானியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இயக்குநராக இருந்த சகோதரர் கை கான்சல்மாக்னோ, ஏலியனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களா என்று மக்கள் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து 2014-ல் ஒரு குருவோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். அவர்கள் கேட்டால் கொடுப்பேன் என்பது அவர் பதில். நல்ல பதில். ஆனால் நம் ஊரில் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோவில், இரண்டு சாதிக்கு இரண்டு பக்கம் என்று பிரித்தே கட்டப்பட்டது. நடுச்சுவர் 1910-ல்தான் இடிந்தது. செத்த பிறகும் தனித்தனி கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் இன்றும் தமிழ்நாட்டில் உண்டு. செதில் முளைத்த லித்தியாக்காரர் வந்து திருவிருந்துக்கு வரிசையில் நின்றால் இடம் கொடுப்போமா என்று நாம் கற்பனை செய்யத் தேவையே இல்லை, நம்மைப் பற்றிய விடை கையிலேயே இருக்கிறது. வேறே ஆடுகளாக இருந்து உள்ளே வந்தவர்கள் தொழுவத்துக்குள் வேலி போட்டோம். ஒரு நல்ல முதல் சந்திப்புக் கதை இந்த இடத்தில்தான் என்னைக் குத்துகிறது.

தமிழில் என்ன படிக்கலாம் என்றும் யோசித்திருப்பீர்கள். சுஜாதாவிடமிருந்து தொடங்குங்கள், மொழி எப்படி ஓடவேண்டும் என்பது அங்கே தெரியும். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பில் நம் ஊர் மரபுகளுக்குள்ளிருந்தே அறிவியல் புனைகதை எழுதும் முயற்சி இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ வாழ்விலிருந்து எழுந்த விண்வெளிக் கதை என்று எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதலாம். எழுதினால் கலம் பழவேற்காட்டுப் பக்கம் இறங்கட்டும், முதலில் பார்க்கிறவர் விஞ்ஞானியாக இல்லாமல் நண்டுக் கூடையோடு திரும்பும் ஓர் அக்காவாக இருக்கட்டும், வருகிறவர்கள் தங்கள் வேதத்தை நமக்குச் சொல்ல வந்தவர்களாக இருக்கட்டும். அப்போது அந்த அக்கா என்ன கேட்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு லஸ் பிளாட்பாரத்திலும் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளிலும் தேடுங்கள். கிளார்க் அடிக்கடி கிடைப்பார், லூயிஸ் சில சமயம் குழந்தைகள் புத்தகக் கட்டில் ஒளிந்திருப்பார், மில்லர் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

அண்ணனுக்கு எதையாவது படிக்கக் கொடுக்க நினைத்தால் கிளார்க்கிலிருந்து தொடங்க வேண்டாம், அன்றோடு வாலிபர் கூட்டத்தில் உங்கள் பேர் கெட்டுவிடும். ரே பிராட்பரியின் 'த மேன்' என்ற சிறுகதையைக் கொடுங்கள். தாம்பரத்தில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் முடித்துவிடலாம். ராக்கெட் ஒரு கிரகத்தில் இறங்குகிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் முந்தின நாள்தான் அந்த ஊருக்கு 'அவர்' வந்து போயிருக்கிறார். கேப்டன் நம்ப மறுக்கிறார், அப்புறம் நம்பி, அவரைப் பிடித்தே தீருவேன் என்று அடுத்த கிரகத்துக்கு ராக்கெட்டைக் கிளப்புகிறார். அதற்கு மேல் என்ன ஆகிறது என்பதை அண்ணனே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அடுத்த ஞாயிறு அவரே வந்து, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், பிளிஷைக் கொடுங்கள். முதல் பாதியை மட்டும்.